தெல்தெனியவுக்கு மேலே பறந்த விமானி

விமானம் நன்றாகப் பறந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பிழையை எப்படிப் பதிவது, எந்தப் படிவத்தில் ஒப்பமிடுவது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். அதில் நான் ஒரு தாளைச் சரியாகச் சந்தேகித்தேன். ஒரு மனிதரைப் பிழையாகச் சந்தேகித்தேன். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. முதலாவதற்காக என்னை இன்னமும் பாராட்டுகிறார்கள். இரண்டாவது பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் எட்டுப் பேர். கண்டி பஸ் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்திய, போர் விமான சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டுக்கு நாங்கள் விமானங்கள் செய்து கொடுத்தோம். வேகமாகப் பறந்து சுட்டுவிட்டுத் திரும்பும் ஜெட் விமானங்கள்தான் அதுவரை எங்கள் வேலை. அந்த வருஷம் அவர்கள் புதிதாக இரண்டு கேட்டார்கள். ஒன்று, நான்கு விசிறிகளோடு பின்கதவு திறக்கும் சரக்கு விமானம். மற்றது டில்ட்ரோட்டர். அதன் இறக்கை நுனிகளில் இரண்டு பெரிய சுழலிகள் இருக்கும். அவை வானத்தைப் பார்த்து நின்றால் அது ஹெலிகொப்டர். முன்பக்கம் சாய்ந்தால் சாதாரண விமானம்.

சரக்கு விமானம் எங்களுக்குத் தொல்லை தரவில்லை. அது பாரமான, பொறுமையான பிராணி. டில்ட்ரோட்டர்தான் எங்களை அழவைத்தது. சுழலி மேலே நிற்கும்போது நன்றாக நிற்கும். முழுதாகச் சாய்ந்த பிறகு நன்றாகப் பறக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிற அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று செக்கனில் குப்புறக் கவிழ்ந்துவிடும். இரண்டு மாதமாகக் கவிழ்ந்தது.

விமானம் எப்படிப் பறக்கவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பறப்புக் கணக்கை எழுதியவர் ரிஸ்வான். அலவத்துகொடைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், நிதானமானவர். அவர் செய்ததைப் பறந்து பார்த்து, சரி அல்லது பிழை என்று ஒப்பமிடுவது என் வேலை. என் ஒப்பம் இல்லாமல் ஒரு விமானமும் வெளியே போகாது. அந்த அதிகாரத்தை எனக்குத் தந்தவர் எங்கள் தலைவர். அவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். மடுல்கெல்லவில் ரியூஷன் வகுப்பில் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த என்னை இந்த வேலைக்கு எடுத்தவர் அவர். சேர்ந்த முதல் நாளே சொன்னார்: "புஷ்பா, பறக்குதான்னு பாக்காதீங்க. அத விளையாடுறவன் பாத்துக்குவான். ஏன் பறக்குதுன்னு பாருங்க."

ரிஸ்வானுக்கும் எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பாதி செய்த வேலையைக்கூட அவர் என்னிடம் காட்டுவார். "மிஸ், இது இன்னம் முடியல்ல, சும்மா ஒருக்கா பாருங்களே" என்று கூப்பிடுவார். நான் போய்ப் பார்ப்பேன். பிழைகளில் முக்கால்வாசியை நாங்கள் அப்படித்தான், அவை பிழையாக வளருமுன் பிடித்தோம். அப்போது அதன் மதிப்பு எனக்குத் தெரியவில்லை.

ஒப்படைக்க நான்கு வாரம் இருக்கையில் எங்கள் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தன்னை இளைப்பாறிய விமானி, சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். வெள்ளைக்காரப் பெயர். டில்ட்ரோட்டர் ஓட்டியிருப்பதாகவும், நாங்கள் அதைச் செய்வதை ரசிகர்கள் பேசக் கேட்டு உதவ விரும்புவதாகவும், தன் பெயரை எங்கேயும் போடவேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கூடவே நான்கு பக்க அட்டவணை. சுழலி எவ்வளவு சாய்ந்தால் எந்த வேகத்துக்குள் பறக்கவேண்டும், எந்த உயரத்தில் அது எப்படி மாறும், சாய்ந்து முடிந்ததும் சுழலியின் சுற்றை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று வரிசை வரிசையாக எண்கள்.

ரிஸ்வான் அந்த எண்களைப் போட்டார். மறுநாள் மத்தியானம் நான் ரிஸ்வானின் கணினியில் உட்கார்ந்து விமானத்தை மேலே எழுப்பி, சுழலியைச் சாய்த்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. அலுவலகமே என் கதிரைக்குப் பின்னால் நின்று கைதட்டியது. சேர் கீழே போய் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கி வந்தார். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதினார், இளைப்பாறிய விமானி ஒருவருடைய ஆதாரம் கிடைத்துவிட்டது என்று.

நான் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "சேர், இது வெளிய குடுக்கக் கூடாத பேப்பரா இருந்தா என்ன செய்றது?"

"ராணுவ முத்திர ஒண்ணும் இல்லையே."

"முத்திரைய வெட்டிட்டு அனுப்பியிருக்கலாம்."

"ரோல்ஸ சாப்பிடுங்க புஷ்பா."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தொழிலில் எல்லோருக்கும் ஆசை காட்டுகிற பொறி இது. நாம் செய்வது விளையாட்டு. ஆனால் விளையாட்டில் பறப்பவை உண்மையான படைகளின் விமானங்கள். யாரோ ஒருவர், நம்மை மகிழ்விக்கவோ தன் கெட்டித்தனத்தைக் காட்டவோ, வெளியே வரக்கூடாத ஒரு தாளை அனுப்பிவிடுவார். அதைத் திறந்து பயன்படுத்திய பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த நான்கு பக்கமும் எனக்கு நெருப்புத் துண்டாகத் தெரிந்தன.

அந்த விமானிக்கு நானே எழுதினேன். சுழலி சாயும்போது ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது. இங்கே பின்னேரம் மூன்றரை. அவர் சொன்ன நாட்டில் எல்லோரும் தூங்குகிற நேரம். பதிலோ அழகாக இருந்தது. தொனி எப்படி இறங்கும், எந்த இடத்தில் இரண்டு சுழலியின் ஓசையும் ஒன்றோடொன்று உரசி அதிரும், பிறகு எப்படி ஒரே ஓசையாகும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். வயிறு குழிவது, கையில் பிடி கனப்பது, கண்முன் தரை சாய்வது பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. அதற்குமேல் யோசிக்கவில்லை. தூங்காத மனிதர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பிறகு அட்டவணையைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன். உயரம் கூடக்கூட வேக எல்லை மெதுவாக ஏறவேண்டும், அட்டவணையிலும் ஏறியது. ஆனால் மூவாயிரம் அடியைத் தாண்டும் இடத்தில் கோடு சின்னதாக ஒரு படி கீழே இறங்கி, மறுபடி ஏறியது. எல்லாச் சாய்விலும், அதே மூவாயிரத்தில், அதே படி.

அந்தப் படியை எனக்குத் தெரியும். அது இயற்கையில் கிடையாது. நாங்கள் அலுவலகத்துக்குள் சோதித்துப் பார்க்க ஒரு நிலப்படம் வைத்திருந்தோம். ஊர்க்காரர்கள் செய்தது என்பதால் தெல்தெனியவையும் விக்டோரியா நீர்த்தேக்கத்தையும் சுற்றுமலைகளையும் வைத்துச் செய்திருந்தார்கள். அதில் மூவாயிரம் அடிக்கு மேலே காற்றின் வெப்பத்தைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். கண்டுபிடித்தவளே நான்தான். வெளியே போகாத படம்தானே என்று திருத்தாமல், பிறகு திறக்காமலும் விட்டிருந்தோம்.

இளைப்பாறிய வெள்ளைக்கார விமானி தெல்தெனியவுக்கு மேலே பறந்திருக்கிறார். அதுவும் எங்கள் கணினிக்குள்ளே.

திருட்டுத் தாள் இல்லை என்று ஒரு நிமிஷம் ஆறுதல். அடுத்த நிமிஷம் அதைவிட மோசமானது புரிந்தது. எங்கள் சிமுலேட்டரில் எடுத்த எண்ணை எங்கள் சிமுலேட்டருக்கே ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு நன்றாகப் பறந்தது. கண்ணாடியைப் பார்த்துக் கேள்வி கேட்டால் யார் பிழை சொல்வார்? செய்தவர் எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்.

அங்கிருந்துதான் நான் கெட்டேன்.

யாருக்கு லாபம் என்று யோசித்தேன். ரிஸ்வானுக்கு. இரண்டு மாதமாகக் கவிழ்ந்தது அவருடைய கணக்கு. அந்த நாட்களில் அவர் நடத்தையும் மாறியிருந்தது. நான் பக்கத்தில் போனால் திரையில் எதையோ மூடுவார். தொலைபேசி வந்தால் மாடிப்படிக்குப் போய் மெதுவாகப் பேசுவார். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தியது. சந்தேகம் ஒருவர்மேல் இறங்கிவிட்டால் அவர் தும்முவதுகூடச் சாட்சியாகிவிடும்.

அவரிடம் கேட்டிருக்கலாம். ஆறடி தூரத்தில் இருந்தார். தினமும் நாலு மணிக்குத் தனக்குத் தேநீர் ஊற்றும்போது எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில், யார் எந்தப் படத்தை எப்போது திறந்தார்கள் என்று கணினி எழுதிவைக்கும் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதைப் பார்க்கும் உரிமை எனக்கு இருந்தது. மின்னஞ்சல் வருவதற்கு முந்திய மாதத்தில் தெல்தெனியப் படம் பதினொரு நாள் திறக்கப்பட்டிருந்தது. பதினொன்றும் ரிஸ்வானின் கணினியில்.

பதிவை அச்சடித்துச் சேரின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"நிச்சயமா?"

"அவரோட கம்பியூட்டர்தான் சேர்."

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ரிஸ்வானால் பறப்புக் கணக்குக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. ஒப்படைக்கும் வரை எல்லாவற்றையும் பூட்டி வைக்கிறோம் என்று சேர் ஏதோ காரணம் சொன்னார். ரிஸ்வான் சரி என்றார். அன்றைக்கு முழுவதும் சரக்கு விமானத்தின் கதவுப் பிணைச்சலைத் திருத்திக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு எனக்குத் தேநீர் வந்தது.

ஒன்பது நாள் அப்படிப் போனது.

பத்தாம் நாள் மாலை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பதிவை மறுபடி எடுத்தேன். எனக்கு வீடு கட்டுகஸ்தோட்டை. அலவத்துகொடைக்குப் போகிற அதே பாதை, அதே ஐந்தேகால் பஸ். மழை. பஸ் நெரிசலில் நகராமல் நின்றது. சும்மா இருக்க முடியாமல் திகதிகளுக்குப் பக்கத்தில் இருந்த நேரங்களைப் பார்த்தேன். ஆறு பத்து. ஆறு இருபது. ஐந்து ஐம்பத்தைந்து. ஒன்றுகூட ஐந்தரைக்கு முந்தியதில்லை.

தலையை நிமிர்த்தினேன். இரண்டு ஆசனம் முன்னால், யன்னலோரமாக, ரிஸ்வான் உட்கார்ந்திருந்தார்.

தினமும் அங்கேதான் உட்காருவார். பதிவில் இருந்த முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். அன்றைக்கும் மழை, நான் நின்றுகொண்டு போனேன், அவர்தான் எழுந்து இடம் தந்தார். கணினியில் யாரோ தெல்தெனியவுக்கு மேலே டில்ட்ரோட்டரைப் பறக்கவிட்ட நேரத்தில் அந்த மனிதர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்த குடையோடு நின்றிருந்தார். அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. நான்தான் சாட்சி.

பதினேழு வருஷம் மற்றவர்கள் வேலையில் பிழை தேடிய எனக்கு ஒரு தாளில் நேரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

அன்றைக்கு ரிஸ்வானிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டையில் பின்வாசலால் இறங்கினேன்.

ஐந்தரைக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பவர் ஒருவர்தான், நேசன். அவர் எங்கள் ஒலிக்காரர். சாவகச்சேரிப் பக்கம். மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் தாதி என்பதால் இங்கே வந்தவர். முன்பு கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். பட்டம் கிடையாது. தெருவில் வாகனச் சத்தம் குறைந்த பிறகுதான் ஒலிப்பதிவு செய்ய முடியும் என்று மாலையில் தங்குவார். பறப்புச் சோதனைக்கான பிடியும் மிதிகட்டையும் பூட்டிய கணினி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அது ரிஸ்வானுடையது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னே போனேன். நேசன் வந்ததும் ஒலியறைக்குள் போய் நேரே கேட்டேன்.

"நேசன், அந்த விமானி நீங்களா?"

அவர் காதில் மாட்டப்போன ஹெட்போனைக் கீழே வைத்தார். "ஓம் அக்கா. நான்தான்."

மறுக்கவில்லை என்பது எனக்கு அடி விழுந்ததுபோல இருந்தது. நான் ஒளித்துத் தேடிய பதில், கேட்ட உடனே வந்துவிட்டது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"நான் முதல்லயே உங்களிட்டக் கொண்டுவந்தனான். மறந்திட்டியளோ?"

மறந்துதான் போயிருந்தேன். அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் முன்பு ஒரு பாடசாலைக் கொப்பியோடு என் மேசைக்கு வந்தார். டில்ட்ரோட்டர் பறக்கும் வீடியோக்களைக் கேட்டு எண்கள் எடுத்திருப்பதாகச் சொன்னார். நான் கொப்பியைத் திறக்கவே இல்லை. "நேசன், இது பறப்பு வேல. நீங்க சத்தத்த மட்டும் பாருங்க" என்றேன். சேரிடம் போயிருக்கிறார். வீடியோ பார்த்து விமானம் செய்யலாமென்றால் எல்லோரும் செய்துவிடுவார்களே என்று அவர் சிரித்திருக்கிறார்.

"வெள்ளைக்காரன்ர பேரில வந்தா நீங்கள் ஒருத்தரும் கொப்பியைத் திறக்காம விடமாட்டியள் எண்டு தெரியும்" என்றார் நேசன். குரலில் கோபம் இல்லை. "அப்பிடித்தானே நடந்தது?"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். "எப்படி எடுத்தீங்க? காட்டுங்க."

அவர் ஹெட்போனை என்னிடம் தந்தார். ஏதோ ஓர் ஊரில் மக்கள் பார்க்கக் கூடிய விமானக் காட்சி. யாரோ கைத்தொலைபேசியில் எடுத்தது. டில்ட்ரோட்டர் வருகிறது, தலைக்கு மேலால் போகிறது.

"வரேக்க ஒரு சுருதி, போகேக்க ஒரு சுருதி. கேக்குதோ? அந்த வித்தியாசத்தில வேகம் கணக்குப் பாக்கலாம். இனி இதைக் கேளுங்கோ. இப்ப சுழலி சாயுது. சாஞ்சு முடிய, தொனி இறங்குது. சுத்தைக் குறைக்கிறான். ரிஸ்வான்ர கணக்கில அது குறையிறேல்ல. அதாலதான் கவிழுது."

திரும்பத் திரும்பப் போட்டார். நான்காம் முறை எனக்கும் கேட்டது. ஒரு பெரிய மிருகம் ஓடுவதை விட்டு நடக்கத் தொடங்கியதுபோல, தெளிவாக ஒரு படி இறங்கியது. எங்களை இரண்டு மாதம் அழவைத்த பிழைக்கு விடை மூன்று மாதமாக அந்தக் கொப்பியில் இருந்திருக்கிறது.

"அப்ப மூவாயிரம் அடிக்கு மேல உள்ளது?"

அவர் கீழே பார்த்தார். "அது கேட்டதில்ல. இந்த வீடியோ எல்லாம் நிலத்துக்குக் கிட்ட. உயரத்தில ஆர் நிண்டு படம் எடுக்கிறது? அதெல்லாம் எங்கட சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்து, விழாத இடங்களை எழுதினனான். அரைவாசி வெறுமையா அனுப்பினா ஆர் நம்புவினம்?"

பென்சிலைக் கொடுத்தேன். "கேட்டது எது, நிரப்பினது எது? ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் போடுங்க."

ஒரு மணித்தியாலம் எடுத்தார். முதல் பக்கம் முழுதும் கேட்டது. மற்ற மூன்று பக்கமும் நிரப்பியது.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ரிஸ்வான் இல்லை என்பதைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு யன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளி ஒப்படைக்கவேண்டும்.

"நேசன நான் பாத்துக்கிறேன். நீங்க ஒப்பம் வைங்க" என்றார்.

"மூணு பக்கம் பொய் சேர்."

"பொய்யின்னு நமக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய யாரு உயரத்துல அளந்து பாக்கப் போறா? பறக்குதில்ல?"

எனக்கு வேலை கற்றுத்தந்த மனிதர் அதைச் சொன்னார். முதல் நாள் எனக்குச் சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எட்டுக் குடும்பம் அந்த ஒப்பந்தத்தில் தொங்குவது எனக்கும் தெரியும். அவர் முகத்தில் இருந்தது பயம். கெட்டவர்கள் பிழை செய்யச் சொல்லும்போது மறுப்பது சுலபம். மதிக்கிறவர் பயந்துபோய்ச் சொல்லும்போதுதான் கஷ்டம்.

"நான் வைக்க மாட்டேன் சேர். வேற யாரையாவது வைக்கச் சொல்லுங்க. ஆனா என் பேர்ல போகக்கூடாது."

"ஒப்பந்தம் போனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும்."

"பிறகு பிடிபட்டா, செஞ்ச மற்ற விமானத்தையும் சந்தேகப்படுவாங்க."

நான் வெளியே வந்தேன். அரை மணித்தியாலம் கழித்து அவர் என் மேசைக்கு வந்து, "நீங்களே எழுதுங்க. நான் அனுப்புறேன்" என்றார்.

கடிதத்தில் நான்கு விஷயம் எழுதினேன். இளைப்பாறிய விமானி என்று யாரும் இல்லை. தாழப் பறக்கும் எண்கள், எவரும் பார்க்கக்கூடிய வீடியோக்களின் ஒலியிலிருந்து எங்கள் ஒலிக்காரர் எடுத்தவை, பட்டியல் இணைத்திருக்கிறோம். உயரத்துக்கான எண்கள் ஆதாரமற்றவை, நீக்கிவிட்டோம். சரக்கு விமானம் தயார், டில்ட்ரோட்டர் தயாரில்லை. நேசனின் முழுப்பெயரை எழுதினேன். சேர் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு அப்படியே அனுப்பினார்.

நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் அலுவலகத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நேசன் தன் பொருட்களை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். சேர் தன் அறைக் கதவைத் திறக்கவே இல்லை.

பதில் வந்தது. சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்கிறோம். டில்ட்ரோட்டரை அடுத்த முறைக்குத் தள்ளுகிறோம். இனி உங்களிடமிருந்து வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டும். புகழ்ச்சியும் இல்லை, திட்டும் இல்லை. நீங்கள் இப்போது ஒவ்வொரு வரிக்கும் நிரப்புகிறீர்களே, அந்த எரிச்சல் பிடித்த "மூலம்" கட்டம், அது அன்றைக்குப் பிறந்தது.

பொய்ப்பெயரில் எழுதியதற்காகச் சேர் நேசனைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார். பேசி முடித்து, கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். ரிஸ்வானும் நேசனும் ஆறு வாரம் ஒரே மேசையில் இருந்தார்கள். நிலத்துக்குக் கிட்டே கேட்ட எண்களிலிருந்து உயரத்துக்குக் கணக்குப் போட்டார்கள். தெல்தெனியப் படத்தின் வெப்பத்தையும் திருத்தினார்கள். டில்ட்ரோட்டர் கவிழவேண்டிய இடத்தில் கவிழ்ந்தது, மற்ற இடத்தில் கவிழவில்லை. ஒப்பமிட்டேன். வெளியே போன பிறகு ஒருவர் எழுதினார், தான் உண்மையில் அதை ஓட்டியவர் என்றும், மாறும்போது இறங்கும் ஒலி அச்சாக இருக்கிறது என்றும். நேசன் அதை அச்சடித்து ஒலியறைச் சுவரில் ஒட்டினார். எழுதியவர் விமானியா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இனி மற்றது.

பதில் வந்த அன்று மாலை பஸ்ஸில் ரிஸ்வானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரிஸ்வான், ஒங்கள நான் தப்பா நெனச்சிட்டேன். ஒங்களுக்குத் தெரியாம ஒங்க பதிவ எடுத்துப் பாத்தேன். சேர்கிட்ட ஒங்க பேரச் சொன்னதும் நான்தான்."

"தெரீம் மிஸ்."

"எப்பயிலிருந்து?"

"கோப்பெல்லாம் பூட்டின அன்டைக்கே. எட்டுப் பேர்ல எனக்கு மட்டும்தானே பூட்டீந்தது."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவர் யன்னலைப் பார்த்தார். "நான் என்னத்த கேக்குற? நீங்க என்னட்ட கேட்டீந்தா சொல்லீப்பேன். மகள ஒண்டாம் வகுப்புக்குச் சேக்க அலஞ்சிட்டீந்தேன். ஒஃபிஸ் நேரத்துல அந்த ஃபோம் நிரப்புறது வெக்கமா ஈந்தது. அதான் மூடினது. அதான் ஃபோன்."

"பள்ளிக்கூடம் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

"மன்னிச்சிருங்க ரிஸ்வான்."

"அதெல்லாம் பரவால்ல மிஸ்."

உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் என்மேல் முகம் சுளிக்கவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தபோது என் வீட்டுக்கென்று தனியாக ஒரு பங்கு வைத்திருந்தார். நாலு மணித் தேநீரும் நிற்கவில்லை.

ஆனால் "இது இன்னம் முடியல்ல மிஸ், சும்மா ஒருக்கா பாருங்களே" என்று அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. அவரிடமிருந்து என் மேசைக்கு வந்தவை எல்லாம் முடிந்த வேலைகள். சுத்தமானவை. இரண்டு முறை தானே சரிபார்த்தவை. இடையில் எங்கே தடுமாறினார், எதைப் போட்டு எதை எடுத்தார் என்று எனக்குத் தெரியாமல் போனது. நான் பக்கத்தில் போனால் திரையை மூடமாட்டார். கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டு, மரியாதையாகக் காத்திருப்பார், நான் போகும் வரை.

ஒருவருடைய பாதி வேலையைப் பார்க்கும் உரிமை எந்த நியமனக் கடிதத்திலும் வராது. அது அவர்கள் தருவது. நான் அதை ஒரு தாளைச் சரியாக வாசிக்காததால் இழந்தேன். எண்களைச் சந்தேகியுங்கள். நன்றாகப் பறக்கும் எதையும் இரண்டு முறை சந்தேகியுங்கள். ஓர் ஆளைச் சந்தேகிக்கத் தோன்றினால் அன்றைக்கே போய், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆறடி தூரம்தான்.

அதன்பிறகு நாலு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். நான் இளைப்பாறிய வாரம் ரிஸ்வான் ஒரு புதிய சரக்கு விமானத்தை முடித்திருந்தார். கடைசி நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சிட்டு மிஸ். பாருங்க."

மூன்று மணித்தியாலம் பறந்தேன். மலைக்கு மேலே, தண்ணீருக்கு மேலே, பின்கதவைத் திறந்து, ஒரு பக்க இயந்திரங்களை நிறுத்தி. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அதைக் கவிழ்க்கப் பார்த்தேன். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பிழைகூட இல்லை. ஒப்பமிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.